லீவுக்கு வந்த சித்தி

“அந்த ரெண்டு பொண்ணுகளுக்கு மூணு இலையாப் போடு, ஒருத்தவக பின்னால வந்துக்கிட்டு இருக்காக” என்று சாம்பார் வாளியோடு நின்ற பெரியவர் இலை போடுகிறவரிடம் மெதுவாகச் சொன்னது, கை கழுவிவிட்டுத் திரும்பிய மாரீஸ்வரியின் காதில் விழுந்தது. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தாள். ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகி உச்சி வெயிலில் மதுரையில் இறக்கிவிட்டிருந்ததால், அவளும் தோழி செண்பகாவும் லாட்ஜுக்குக்கூடப் போகாமல், தோளில் பைகளோடு டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் இருந்த இந்த மெஸ்ஸுக்குள் நுழைந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் மேசையில்தான் மூன்று இலை விழுந்தது, மூன்று இலைக்கும் தண்ணீர் தெளித்தார்கள், மூன்றாவது இலையின் ஓரத்தில் உப்பு வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் குருவம்மாள் சித்தி வந்து நின்றாள்.

குருவம்மாள், மாரீஸ்வரியின் அம்மாவுக்குத் தங்கை. அருப்புக்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அம்மா இறந்து, அப்பா திருப்பூரில் வேறு குடும்பம் என்று ஆன பிறகு, பத்து வயதிலிருந்து மாரீஸ்வரியை வளர்த்துப் படிக்கவைத்து, சென்னைக்கு வேலைக்கு அனுப்பியவள். உயிரோடு இருக்கிறவள். ஆனால் இப்போது வாசலில் நின்ற குருவம்மாள் மடிப்புக் கலையாத கோடிச் சேலை கட்டியிருந்தாள், நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருந்தது, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்ததால் புறாவைப்போலக் குட்டிக்குட்டி எட்டு வைத்து நடந்து வந்து, மூன்றாவது இலையின் முன்னால் உட்கார்ந்து, தாடைக்கட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, மூக்கிலிருந்த பஞ்சை எடுத்து இடுப்பில் செருகினாள்.

“மணம் தெரியணும்ல” என்றாள்.

மாரீஸ்வரிக்குத் திகைப்பு வரவில்லை. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமா தியேட்டரில் நின்றபோது சொந்தக்காரர் கண்ணில் பட்டதுபோல, முகமெல்லாம் சூடாகி, வெட்கம்தான் வந்தது. ஏனென்றால் நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தச் சித்தியைச் சாகடித்தது அவள்தான்.

மாதக் கடைசியில் அவர்கள் அலுவலகத்தில் யாருக்கும் லீவு கிடையாது. நெருங்கின சொந்தத்தில் சாவு என்றால் மட்டும் மூன்று நாள் தருவார்கள். ஒரு வருடமாக எங்கேயும் போகவில்லை, மதுரைக்குப் போய் நாலு இடம் பார்த்து, நல்லதாக நாலு வாய் சாப்பிட்டு, ஏசி ரூமில் மத்தியானம் வரைக்கும் தூங்கி எழுந்து வரலாம் என்று செண்பகாதான் ஆரம்பித்தாள். “நான் எங்க தாத்தாவச் சொல்லிட்டேன். அவரு செத்து பதினோரு வருசமாச்சு. ரெண்டாவது தடவையும் சாகடிச்சியாடின்னு கோவிச்சுக்க மாட்டாரு” என்று சிரித்தாள். மாரீஸ்வரி முதலில் அப்பாவை நினைத்துப் பார்த்தாள். ஏழு வருடமாகப் பேசாத அப்பாதான், ஆனாலும் சொல்லப்போனபோது நாக்கு ஒட்டிக்கொண்டது, வாய்ச்சொல் பலித்துவிட்டால் என்ன செய்வது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் டீம் லீட் பாலமுரளி சாருக்குப் போன் போட்டு, “சார், எங்க சித்தி இறந்துட்டாங்க” என்றாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரைக் கண்டக்டரிடம் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாக வந்தது. குரல்கூடக் கம்மவில்லை. போனை வைத்துவிட்டு அவள் போய் நகத்துக்குச் சாயம் பூசினாள்.

“அம்மாவுக்கு என்ன வைக்கட்டும்?” என்று வாளிப் பெரியவர் சித்தியிடம் குனிந்து கேட்டார். “கோலா உருண்டை இருக்கு, அயிரை மீன் கொழம்பு இருக்கு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு இருக்கு.”

“கருவாடு பாப்பாவுக்கு ஆகாது, நாத்தம் பிடிக்காது” என்று சித்தி உடனே சொன்னாள். “அவளுக்கு மீனுன்னா முள் இல்லாம வைக்கணும். ரசம் கடைசியில, அப்பளம் ரெண்டு.”

“அது அவகளுக்கு. உங்களுக்கு?”

சித்தி இலையைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு மாரீஸ்வரியின் பக்கம் திரும்பி, வழி கேட்கிறவளைப்போலக் கேட்டாள்: “நான் என்ன பாப்பா சாப்பிடுவேன்?”

மாரீஸ்வரிக்குத் தெரியவில்லை. பதினாறு வருடத்தில் சித்தி சாப்பிட்டு அவள் பார்த்த ஞாபகமே இல்லை. தட்டில் போடுகிற கை ஞாபகம் இருந்தது, மாவு காய்ந்து வெள்ளையாக வெடித்த விரல்கள் ஞாபகம் இருந்தன. அந்தக் கை பிறகு எதை எடுத்து எந்த வாயில் வைத்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

“எல்லாத்துலயும் கொஞ்சம் வைங்க” என்று தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் தலையாட்டினார். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார் போலிருந்தது.

லாட்ஜில் மேனேஜர் முத்துராக்கு மேசை டிராயரைத் திறந்து, சாவிக்கு முன்னால் ஒரு சின்னக் கத்திரிக்கோலை எடுத்தார். “காலை இங்கிட்டு நீட்டுங்கம்மா” என்று சித்தியை நாற்காலியில் உட்காரவைத்து, கட்டைவிரல் கட்டை நறுக்கென்று வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். பதிவேட்டில் மாரீஸ்வரியின் பெயருக்குப் பக்கத்தில் ‘லீவுக்கு வந்தவர்: ஒன்று’ என்று எழுதினார். அதற்கென்றே சிவப்பு மையில் கோடு போட்ட தனிப் பத்தி இருந்தது.

“ஊர் பூராவும் இப்படித்தானா?” என்று செண்பகா கேட்டாள்.

“சுத்திப் பாக்க வர்ற ஊர்ல வேற எப்படி? மெட்ராஸ்ல, பெங்களூர்ல உக்காந்து ஆளைச் சாகடிச்சுப்புட்டு லீவு வாங்கிக்கிட்டு நீங்க இங்க வர்றீக. செத்தவுக மட்டும் எங்க போவாக? அவுகளுக்கும் மூணு நாள் லீவுதான.”

“எங்க தாத்தா வரலையே.”

“உங்களுக்குச் சொல்லும்போது சிரிப்பு வந்துச்சா? நெஞ்சு அடிச்சுக்கிருச்சா?”

“தாத்தா மூஞ்சி ஞாபகம் வந்து, லேசா அழுகை வந்துச்சுண்ணே.”

“அதான் வரல. நெஞ்சு பதறிச் சொன்னா வரமாட்டாக. பதறாமச் சொன்னவுகதான் வருவாக.”

இதைச் சொல்லும்போது முத்துராக்கு மாரீஸ்வரியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது. சித்தி லிஃப்ட் கண்ணாடியில் தன் நெற்றிக் காசை நேராக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாத தூரம் என்று பார்த்து முத்துராக்கு குரலைத் தாழ்த்தினார்.

“லீவு முடியறதுக்குள்ள, யார்கிட்டப் பொய் சொன்னீகளோ அவுககிட்டயே நெசத்தச் சொல்லிப்புடணும். சொல்லிட்டா இவுக போயிருவாக. சொல்லாம நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போனீகன்னா இவுக இங்கயே தங்கிருவாக. இவுகளுக்கு ஒரு குறையும் இல்ல, இந்த ஊரு பாத்துக்கிரும். ஊர்ல உசிரோட இருக்காக பாருங்க, அவுகதான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு போவாக.”

“குறையறதுன்னா?”

“குறையறதுதான்” என்று சாவியைக் கொடுத்தார்.

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று மாரீஸ்வரி போனை எடுத்தாள். ஆனால் போன மார்ச்சில், இதேபோலப் பொய் சொல்லி லீவு எடுத்ததற்காக ஒருவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். வாசலில் செக்யூரிட்டி அவன் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி வாங்கியதை எல்லாரும் மாடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். அவளும் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தாள். அந்த வேலைக்காக இரண்டு வருடம் இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைந்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் வெளியே மரத்தடியில் டிபன் பாக்ஸோடு சித்தி காத்திருந்திருக்கிறாள். போனில் அலுவலகக் குழுவிலிருந்து இருபத்துமூன்று இரங்கல் செய்திகள் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் அவள் திறக்கத் திறக்க, எதிர்க் கட்டிலில் உட்கார்ந்திருந்த சித்தியின் கன்னம் கொஞ்சம் உப்பியது, தோள் கொஞ்சம் நிமிர்ந்தது, வளையல் போட்டிருந்த கை கொஞ்சம் கனத்தது. ‘சனிக்கிழமை சொல்லிக்கலாம்’ என்று மாரீஸ்வரி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாளிலிருந்து மூன்று பேருமாக ஊர் சுற்றினார்கள். ஆட்டோக்காரர் ஆள் கணக்கில் லீவுக்காரர்களைச் சேர்க்கவில்லை, நாயக்கர் மகாலில் டிக்கெட் கிழிக்கிறவர் சித்தியின் நெற்றிக் காசைப் பார்த்ததும் “வாங்கம்மா, வெயில் படாம தூண் ஓரமாப் போங்க” என்று வழிவிட்டார், பூக்காரி மாரீஸ்வரிக்கு அளந்து கொடுத்துவிட்டுச் சித்திக்கு அளக்காமல் கொடுத்தாள், அந்தப் பூ சாயங்காலம் வரைக்கும் வாடவில்லை, ஆனால் மணக்கவும் இல்லை. சுங்குடிச் சேலைக் கடையில் கோடிச் சேலையோடு அலைகிறாயே தாயி என்று ஒரு அரக்கு நிறச் சேலையை உடுத்திக்கொள்ளக் கொடுத்து, போகும்போது இங்கேயே போட்டுவிட்டுப் போ என்றார்கள். அப்படிப் போட்டுவிட்டுப் போன சேலைகள் கடையின் மூலையில் அடுக்காகக் கிடந்தன. ஜிகர்தண்டாக் கடை பெஞ்சில் ஏற்கெனவே நாலைந்து லீவுக்காரர்கள் இருந்தார்கள். பெங்களூர்ப் பையன் ஒருவன் சாகடித்த பெரியப்பா, கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி சாகடித்த நாத்தனார், யார் சாகடித்தார்கள் என்று தனக்கே மறந்துபோய்ப் பத்து வருடமாக இங்கேயே தங்கிவிட்ட ஒரு மாமா. தள்ளி உட்கார்ந்து சித்திக்கு இடம் கொடுத்தார்கள், எந்த ஊர், எத்தனை நாள் லீவு என்று விசாரித்தார்கள்.

“பிள்ளை திருப்பிச் சொல்லிருமா?” என்று நாத்தனார் கேட்டாள்.

“எனக்குத் தெரியாதுத்தா” என்று சித்தி ஜவ்வரிசி போலிருந்ததைக் கரண்டியால் தேடிக்கொண்டே சொன்னாள். “இது நல்லாருக்கு. குளுகுளுன்னு இருக்கு.”

பக்கத்தில் நின்ற மாரீஸ்வரியால் தன் கோப்பையை முடிக்க முடியவில்லை.

கோயில் வாசலில்தான் மாரீஸ்வரியின் கால் நின்றது. செண்பகா போனைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு உள்ளே போகக் கிளம்பினாள். சித்தி தானாகவே ஒதுங்கி, செருப்பு வைக்கிற இடத்துக்குப் போனாள். அங்கே லீவுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, வருகிறவர்களின் செருப்புகளை ஜோடி பிரியாமல் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அந்த ஊரில் நெடுநாளாக நடந்து வருகிற ஏற்பாடு, ஒரு செருப்பும் தொலைந்ததில்லை.

“நீ வரல?” என்றாள் செண்பகா.

சித்தி செத்திருந்தால் தனக்குத் தீட்டு, உள்ளே போகக்கூடாது. சாகவில்லையென்றால் உயிரோடிருக்கிறவளைச் சாகடித்த வாயோடு அம்மன் முன்னால் போய் நிற்க வேண்டும். இரண்டில் எது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

“நீ போய்ட்டு வா” என்று கோபுரத்தைப் பார்த்தபடி, சித்தியின் பக்கத்தில், பிறத்தியார் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். சித்தி அவள் தலையில் பூவைச் சரிசெய்தாள். விரல்கள் மெத்தென்று இருந்தன. வெடிப்பே இல்லை.

சனிக்கிழமையும் மாரீஸ்வரி சொல்லவில்லை. சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில், நடுமண்டபத்து மரங்களில் கொக்குகள் வந்து அடைவதைப் பார்த்துக்கொண்டு, சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சித்தி கால்களைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். ஏசியில் தூங்கியிருந்தாள், பகல் பதினோரு மணிக்கு எழுந்திருந்தாள், யாரோ சமைத்ததை யாரோ பரிமாறச் சாப்பிட்டிருந்தாள். முகம் நிறைந்து, பத்து வயது குறைந்து தெரிந்தாள்.

“பாப்பா, நான் இங்கயே இருந்துக்கிறேனே. நல்லாருக்கு.”

மாரீஸ்வரிக்கு அந்தச் சொல் இனித்தது. இனித்ததை அவள் உடனே கவனித்துவிட்டாள். இருக்கட்டுமே, நன்றாகத்தானே இருக்கிறாள், அங்கே இருட்டு அறையில் கிரைண்டர் சத்தத்தில் கிடந்தவளுக்கு நான் செய்ததும் ஒரு நல்லதுதானே என்று மனசு அடுக்க ஆரம்பித்தது. அடுக்கி முடிப்பதற்குள் கேட்டாள்: “சித்தி, ஒனக்குச் சின்ன வயசுல என்ன ஆசை?”

“தெரியலையே பாப்பா.”

“எங்கம்மாவும் நீயும் எப்படி விளையாடுவீங்க?”

“தெரியல.”

“என்னதான் தெரியும் ஒனக்கு?”

“நீ அஞ்சாப்பு படிக்கையில வெள்ளைச் செருப்பு கேட்டு அழுதது தெரியும். பரீச்சைக்கு முன்னாடி தயிர் ஊத்திப் பிசைஞ்சது தெரியும். ஒனக்குக் காச்சல் வந்தது எல்லாம் தெரியும்.” சித்தி வெட்கப்பட்டுச் சிரித்தாள். “நீ காலேஜ் விழாவுல, ஊர்ல தெரிஞ்சவங்கன்னு பிள்ளைககிட்ட என்னையக் காட்டினது தெரியும்.”

அதைச் சொன்ன குரலில் குறையே இல்லை. சுண்டலில் மாங்காய் இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். மாரீஸ்வரியின் நினைவில் எவ்வளவு சித்தி இருந்தாளோ அவ்வளவு சித்திதான் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாள். அது ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது, அந்தக் கைப்பிடியிலும் எல்லாமே மாரீஸ்வரியாக இருந்தது.

உயிரோடிருந்த குருவம்மாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு, மாவு விற்று முடித்துக் கிரைண்டரைக் கழுவிவிட்டுப் போன் செய்வாள். நாலு வருடமாக ஒரு வாரமும் தவறியதில்லை. மாரீஸ்வரி பத்தில் எட்டு முறை எடுக்க மாட்டாள். தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடியிருப்பாள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி ஆனது, ஒன்பதேகால் ஆனது, போன் அதிரவில்லை. ஒன்பதரைக்கு அவள் எழுந்து உட்கார்ந்து தானே கூப்பிட்டாள்.

நெடுநேரம் அடித்தபிறகு யாரோ எடுத்தார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் பேசுவதுபோல ஒரு குரல்.

“யாரு... பாப்பாவா? கேக்குதாத்தா? எனக்கு என்னமோ வியாழக்கெழமைலருந்து சரியில்ல. பேசுனா யாருக்கும் கேக்கலைங்கிறாக. ரேசன் கடையில ரேகை விழல, விரலைத் தேச்சுத் தேச்சு வச்சுப் பாத்தாச்சு. மாவு வாங்க வர்றவுக ஆள் இல்லைன்னு திரும்பிப் போறாக, நான் முன்னாலதான் நிக்கிறேன். நேத்துப் பூரா அரைச்ச மாவு புளிச்சுக் கெடக்கு. ஒனக்குப் போன் அடிச்சேன், பட்டன் அமுங்கவே இல்ல. நீ நல்லாருக்கியா? சாப்பிட்டியா?”

மாரீஸ்வரி பையைக்கூட எடுக்கவில்லை. செண்பகாவை எழுப்பி விஷயத்தைச் சொன்னாள்.

“போயிட்டு வாடி. நான் இவுங்களைப் பாத்துக்கிறேன்” என்ற செண்பகா, எழுந்து உட்கார்ந்து, “வேலை போயிரும்ல?” என்றாள்.

“போயிரும்.”

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வரைக்கும் சித்தியும் செண்பகாவும் ஆட்டோவில் கூடவே வந்தார்கள். அருப்புக்கோட்டைப் பேருந்தின் படியில் மாரீஸ்வரி ஏறியபோது சித்தி கீழேயே நின்றுகொண்டாள். லீவுக்காரர்கள் ஊர் எல்லை தாண்ட மாட்டார்கள் என்று கண்டக்டர் சொன்னார். அரக்குச் சேலையும் வாடாத பூவுமாக நின்ற சித்தி, ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

“அங்க போய் நீ சொல்லிருவ, இல்ல?” என்றாள்.

மாரீஸ்வரி பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பேருந்து கிளம்பியது.

ஐம்பது கிலோமீட்டரும் அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். காரியாபட்டியில் பாலமுரளி சாரின் எண்ணை எடுத்தாள், அணைத்தாள். செய்தியாக எழுதினாள், அழித்தாள். ஒருவேளை சித்திக்கு உடம்புதான் சரியில்லையோ, ஒருவேளை ரேகை இயந்திரம்தான் பழுதோ, நேரில் பார்த்துவிட்டுச் சொல்லலாம், பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் சொல்லலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு காரணம் ஏறியது.

வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. முன்னறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாவு வழிக்கிற பிளாஸ்டிக் கரண்டி தானாக எழுந்து, கல்லின் ஓரத்தை வழித்து, வாளியில் தட்டி, மறுபடியும் எழுந்தது. ஆள் இல்லை. இன்றைக்குச் சாம்பிராணி வாசனையும் இல்லை. வருவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டு அவள் வருகிற ஒவ்வொரு முறையும் வீடு முழுக்கச் சாம்பிராணி மணக்கும், சித்திக்குச் சாமி பக்தி அதிகம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சொல்லாமல் வந்த இன்றைக்கு வீட்டில் வேறு ஒரு வாடை, உவர்ப்பாக, லேசாக, அடுப்படிப் பக்கமிருந்து வந்தது.

“சித்தி.”

கரண்டி நின்றது. “வந்துட்டியாத்தா?” என்று காற்றைப்போல ஏதோ காதோரம் உரசியது. “என்னையத் தெரியுதா ஒனக்கு?”

தெரியவில்லை. இருக்கும் இடம் தெரியாமல் எந்தப் பக்கம் பார்ப்பது என்றும் தெரியவில்லை. மாரீஸ்வரி மாவுத் தரையிலேயே உட்கார்ந்து பாலமுரளி சாருக்குப் போன் போட்டாள்.

“சார், மாரீஸ்வரி பேசறேன். எங்க சித்தி சாகல. உயிரோட இருக்காங்க. நான் மதுரையைச் சுத்திப் பாக்கறதுக்காகப் பொய் சொன்னேன்.”

அந்தப்பக்கம் ஒரு குழந்தை விளையாடும் சத்தம் கேட்டது. பிறகு அவர், “நாளைக்கு ஐடி கார்டை வாசல்ல குடுத்துருங்க. மேல வரவேண்டாம்” என்றார்.

முதலில் மாவு அப்பிய கை தெரிந்தது. அப்புறம் முழங்கை, தோள், வெளுத்த நைலக்ஸ் சேலை, வியர்த்த கழுத்து, கடைசியாக முகம். மூன்று நாளில் இன்னும் மெலிந்திருந்த முகம். போன் அதிர்ந்தது, செண்பகா. “ஏய் மாரி, மெஸ்ல உக்காந்திருந்தோம்டி. பாதி இலையில சித்தி எந்திரிச்சாங்க, கையக்கூடக் கழுவல. பாத்தா ஆளு இல்ல. இலை மேல ஒரு ரூபாக் காசு மட்டும் கெடக்கு.” மாரீஸ்வரி சரி என்று வைத்தாள்.

குருவம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சொன்னது அத்தனையும் கேட்டிருந்தாள்.

“என்னையா செத்துட்டேன்னு சொன்ன?”

“ஆமா சித்தி.”

“சொல்லும்போது அழுதியா?”

இங்கே ஒரு சின்னப் பொய் போதும், எல்லாம் ஆறிவிடும் என்று மாரீஸ்வரிக்குத் தெரிந்தது.

“இல்ல சித்தி.”

“குரலாவது கம்முச்சா?”

“இல்ல.”

குருவம்மாள் தலையை ஆட்டினாள். கிரைண்டர் சுவிட்சை அணைத்தாள். மீதி மாவை வழித்து வாளியில் போட்டு மூடினாள். குழாயடியில் முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போய், அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தாள். ஜன்னலைத் திறக்கவில்லை, சாம்பிராணியும் போடவில்லை. தோசைக்கல்லில் எண்ணெயைச் சுற்றிவிட்டு நெத்திலிக் கருவாட்டை அள்ளிப் போட்டாள். வாடை வீடு முழுக்கப் பரவி மாரீஸ்வரியின் தொண்டையில் ஏறியது. முறுகலாக வறுத்து எடுத்து, பானையிலிருந்து பழைய சோற்றைப் பிழிந்து, ஒரே ஒரு தட்டில் போட்டு, மாரீஸ்வரிக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குருவம்மாள் சாப்பிட்டாள்.